சிரிப்புக்கு விட்ட இடம்

சம்மனசுகளின் செட்டை

நான் முதன்முதலாக மேடையில் பகிடி சொன்னது ஜேர்மனியில் ஹம் நகரில், எங்கள் கோயில் பங்கு மண்டபத்தில், ஒரு கிறிஸ்மஸ் ஒளிவிழாவில். பகிடி சொல்லென்று என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் அறிவிப்பாளர். "அடுத்து வருவது பாலர் வகுப்பின் அபிநயப் பாடல்" என்று சொல்லிவிட்டு ஓரமாக நிற்பதுதான் என் வேலை. அன்றைக்குப் பார்த்து, சம்மனசுகளாக, அதுதான் தேவதூதர்களாக, வேடம் போட்ட பிள்ளைகளின் செட்டைகளெல்லாம் ஒருவருடைய காரின் டிக்கியில் இருந்தன. அந்தக் கார் கேக் எடுக்க டோர்ட்முண்டுக்குப் போய்விட்டது. செட்டை இல்லாமல் மேடைக்கு வரமாட்டோம் என்று சம்மனசுகள் திரைக்குப் பின்னால் நின்று அழுதன. விழாக்குழுச் செயலாளர் எனக்கு எதிரே நின்று இரண்டு கையாலும் கயிறு இழுப்பதுபோல் காட்டினார். நேரத்தை இழுக்கச் சொல்கிறார். எதைச் சொல்லி இழுப்பது?

வாயில் வந்ததைக் கதைத்தேன். எங்கள் கலியாண வரவேற்புக்கு வந்த ஜேர்மன் அயலவரின் கதை அது. அழைப்பிதழில் பன்னிரண்டு மணி என்று போட்டிருந்தது. அந்த மனிசன் பன்னிரண்டுக்கே கோட்டும் சூட்டுமாக வந்துவிட்டார். மண்டபத்தில் கதிரை அடுக்குகிற இரண்டு பேரைத் தவிர ஒரு குருவியும் இல்லை. அவர்கள் இவரையும் கதிரைக்கு வந்த ஆள் என்று நினைத்து ஒரு அடுக்கைத் தூக்கிக் கையில் கொடுத்தார்கள். மனிசன் ஒன்றும் கேட்கவில்லை. வரிசை பிசகாமல் அடுக்கினார். பொம்பிளையும் மாப்பிளையுமாக நாங்கள் வந்து சேர்ந்த நேரம் அவர் கோட்டைக் கழற்றிவிட்டு மற்றவர்களுக்கு வேலை சொல்லிக்கொண்டு நின்றார்.

"இப்ப ஹம்மிலை ஆர் வீட்டுக் கலியாணமெண்டாலும் முதல் கார்ட் அவருக்குத்தான் போகுது. வாழ்த்த இல்லை, கதிரைக்கு!"

மண்டபம் செத்த வீடு மாதிரி இருந்தது. எங்கள் ஆட்களுக்குப் பகிடி விளங்காமல் இல்லை. சிரிக்கலாமா என்று பக்கத்து ஆளைப் பார்ப்பார்கள். பக்கத்து ஆள் பங்குச் சுவாமியைப் பார்ப்பார். சுவாமி கூரையைப் பார்ப்பார். மேடையில் நிற்பது ஒரு பெண் என்றால் முன்வரிசை அம்மாமார் சீலைத் தலைப்பை வேறு இழுத்துச் சரிசெய்துகொள்வார்கள்.

அந்த நேரம் பின்னால், தேத்தண்ணி ஊற்றுகிற மேசைப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. பழைய மோட்டார் சைக்கிளைக் காலால் உதைத்தால் இரண்டு தரம் இருமிவிட்டு மூன்றாம் தரம் பிடித்துக்கொள்ளுமே, அந்தச் சத்தம். என் மனிசன் யோகன். கையில் தேத்தண்ணிக் கேத்திலோடு குனிந்து நின்று சிரித்தார். அதன் பிறகு மண்டபம் முழுக்கச் சிரித்தது. பாதிப் பேர் என் பகிடிக்கு, பாதிப் பேர் அவருடைய சிரிப்புக்கு. சுவாமியும் சிரித்தார். செட்டைகள் வந்து சேர்ந்த பிறகும் மேடையை விட்டு இறங்க எனக்கு மனமில்லை.

மேடைக்கு வர விரும்பும் பிள்ளைகள் சிலர், நான் எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று எழுதித் தரக் கேட்டார்கள். இப்படித்தான் வந்தேன். திட்டம் ஒரு மண்ணும் இல்லை.

குசினிதான் பள்ளிக்கூடம்

பகலில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை எனக்கு. யோகனுக்கு ஒரு பண்டகசாலையில் ஸ்டாப்ளர் ஓடுகிற வேலை, அதுதான் பாரம் தூக்குகிற அந்தச் சின்ன வண்டி. இரண்டு பேருக்கும் ஒன்றாக ஓய்வு கிடைத்தால் அவர் வெங்காயம் உரிப்பார், நான் அடுப்படியில் நின்று புதுப் பகிடியைச் சொல்லிப் பார்ப்பேன். அகப்பைக் காம்புதான் மைக்.

அவரைப்போல ஒரு நேர்மையான ரசிகரை நான் கண்டதில்லை. பகிடி சரியில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். "இதிலை ஒண்டுமில்லை, சுகந்தி. வேறை ஏதும் சொல்லும்." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "உங்களுக்கு ரசிக்கத் தெரியாது" என்பேன். "அப்ப தெரிஞ்ச ஆக்களைக் கூப்பிடும். வெங்காயத்தையும் அவையளே உரிக்கட்டும்" என்பார். ஆனால் பகிடி பிடித்துவிட்டால் மோட்டார் சைக்கிள் கிளம்பும். அந்த இடத்தை நான் குறித்துக்கொள்வேன்.

தொழில் இரகசியம் ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். பஞ்ச் லைனைச் சொன்னதும் வாயை மூட வேண்டும். புது ஆட்களுக்கு அதுதான் ஏலாது. சொல்லி முடித்ததும் வருகிற அமைதி அவர்களைப் பயமுறுத்தும். உடனே அடுத்த வசனத்துக்குத் தாவுவார்கள். வரப்போகிற சிரிப்பை அவர்களே மிதித்துக் கொன்றுவிடுவார்கள். நான் மிதிக்கவில்லை. குசினியில் யோகன் சிரித்து, கண்ணைத் துடைத்து, "பிறகு?" என்று கேட்கும்வரைக்கும் நின்று பழகியவள் நான். அந்த இடைவெளி என் உடம்பில் ஊறிவிட்டது.

டொச்சில், அதுதான் ஜேர்மன் மொழியில், பகிடி சொல்லத் தொடங்கியபோது டுசல்டோர்ஃபுக்கு ரயில் ஏறுவோம். அங்கே ஒரு மதுச்சாலையில் ஓப்பன் மைக். யார் வேண்டுமென்றாலும் ஏறலாம். யோகன் முன்வரிசை ஓரக் கதிரையில் இருப்பார். அவருடைய டொச் பண்டகசாலை டொச். தூசணமும் சாமான்களின் பெயரும் வடிவாகத் தெரியும், மற்றதெல்லாம் அரைகுறை. ஆனால் சிரிக்க வேண்டிய இடம் அவருக்கு மனப்பாடம். அவர் தொடங்கினால் டொச்காரரும் தொடங்குவார்கள்.

ஒருநாள் அங்கே பகிடி சொல்கிற ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் டொச்சில் கேட்டதை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

"அந்த மனிசனை நீ கூலிக்கே பிடிச்சு வைச்சிருக்கிறாய்?"

"ஓம், சோத்துக்கு" என்றேன்.

ரயிலில் திரும்பும்போது இதைச் சொன்னேன். பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கச் சிரித்தார்.

சிரித்துக் காட்டுங்கோ

இப்படியே வருடங்கள் போயின. எனக்கென்று சின்னச் சின்ன மேடைகள் கிடைத்தன. ஒரு ஞாயிறு காலை பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு இருந்தோம். யோகன் குடித்த தேத்தண்ணி வாயின் இடது ஓரத்தால் வழிந்து வெள்ளைச் சட்டையில் கொட்டியது.

"இஞ்சாருங்கோ, என்ன பால்குடிப் பிள்ளை மாதிரி" என்று சொல்லிக்கொண்டு நிமிர்ந்தேன். அவருடைய முகத்தின் இடது பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. கண் மூடவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவளுக்கு அதைப் பார்த்ததும் பக்கவாதம் என்ற நினைப்புத்தான் வரும். மாதாவே என்று கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாதி அவரைக் கட்டிலில் இருத்திச் சோதித்தார். இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். தூக்கினார். பெயர் கேட்டார். சொன்னார். பிறகு, "இப்ப ஒருக்காச் சிரிச்சுக் காட்டுங்கோ பாப்பம்" என்றார்.

யோகன் சிரிக்கவில்லை. பயந்துபோய் என்னைப் பார்த்தார். எனக்கு அவரைவிடப் பயம். பயம் வந்தால் என் வாய் சும்மா இருக்காது. எங்கள் ஆம்பிளைகள் கலியாணப் படத்துக்கு எப்படி நிற்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கமரா தன்மேல் வழக்குப் போட வந்ததுபோல் ஒரு பார்வை. யோகன் அதிலே தலைவர். நான் தாதியிடம் டொச்சில் சொன்னேன்: "கலியாணப் படத்திலையே சிரிக்காத மனிசன். இஞ்ச நீங்கள் கேட்டவுடனை சிரிப்பாரோ?"

தாதி சிரித்துவிட்டார். யோகனும் சிரித்தார். வலது பக்கம் மட்டும் சிரித்தது. இடது பக்கம் வேறு யாருடைய முகமோ போலச் சும்மா இருந்தது. கட்டிலுக்கு எதிரே ஒரு கண்ணாடிக் கதவு. அதிலே அவர் தன்னைக் கண்டுவிட்டார். சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றது. கை வாய்க்குப் போனது.

மூளையில் ஒன்றும் இல்லை, முகநரம்பு வாதம் என்று மருத்துவர் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. மருந்து கொடுத்தார்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்று செய்யப் பயிற்சி கொடுத்தார்கள். மெல்ல மெல்ல முகம் திரும்பி வந்தது. ஆனால் முழுக்க வரவில்லை. சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. சிரித்தால் வாய் வலது பக்கம் இழுக்கும், இடது கண் தானாக மூடிக்கொள்ளும். மிச்சமும் வரலாம், வராமலும் விடலாம் என்றார்கள்.

யோகன் வேலைக்குத் திரும்பிப் போனார், பூசைக்கு வந்தார், சமைத்தார். சிரிப்பை மட்டும் விட்டுவிட்டார். சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்தி மூக்கால் காற்றை விடுவார். என் நிகழ்ச்சிகளுக்கு வருவதை நிறுத்தினார். முன்வரிசையில் மேடை வெளிச்சம் முகத்திலே விழுமாம். குசினியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரிப்பார். நான் பகிடி சொல்லி முடித்ததும், "நல்லாயிருக்கு" என்பார்.

நல்லாயிருக்கு! பகிடிக்காரிக்கு அதைவிடக் கெட்ட வார்த்தை இல்லை. "இதிலை ஒண்டுமில்லை" என்று ஒருதரம் சொல்லமாட்டாரா என்று ஏங்கினேன். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "உங்கட முகம் எப்பிடி இருந்தா எனக்கென்ன? எனக்கு அந்தச் சத்தம் வேணும்" என்று கத்தியே விட்டேன். அவர் கத்தியை வைத்துவிட்டு, "எனக்கும்தான் வேணும், சுகந்தி" என்றார். அதன் பிறகு நான் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஆரைப் பார்த்துக்கொண்டு நிக்கிறாய்?

நடிப்புக்கு வந்ததும் அந்தக் காலத்தில்தான். ஓப்பன் மைக்கில் என்னைப் பார்த்த ஒருவர் தொலைக்காட்சித் தொடருக்குக் கூப்பிட்டார். முதல் வேடங்களில் எனக்குப் பெயரே இல்லை. கையில் ஏதாவது ஒரு தட்டோடு கதவால் வருவேன், வைப்பேன், போவேன். "உள்ளே வரும்போது கொஞ்சம் சோகமா வாங்கோ" என்பார்கள். வெளிநாட்டுப் பெண் தட்டோடு வந்தால் சோகமாகத்தான் வரவேண்டும்போல.

பிறகு பிரிட்டா என்ற இயக்குநர் எனக்கு வசனம் உள்ள ஒரு வேடம் தந்தார். பிரிட்டா உயரமான, சத்தம் போடாத மனிசி. முதல்நாள் படப்பிடிப்பில் நான் என் வசனத்தின் முதல் வரியைச் சொன்னேன். சொல்லிவிட்டு நின்றேன். எதிரே நடித்தவர் தன் வசனத்தைச் சொல்லக் காத்திருந்தார். நான் அடுத்த வரிக்குப் போகவில்லை. பிரிட்டா "கட்" என்றார். மறுபடியும் எடுத்தோம். மறுபடியும் நின்றேன். வசனம் மறந்துவிட்டதோ என்று உதவியாளர் தாளைக் கொண்டு ஓடி வந்தார். மறக்கவில்லை. பிரிட்டா பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்:

"சுகந்தி, ஒவ்வொரு வரிக்குப் பிறகும் நிக்கிறாய். ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?"

பகிடி மேடையிலிருந்து படத்துக்குப் போகிற எல்லோரும் செய்கிற பிழை இது. படப்பிடிப்பில் யாரும் சிரிக்கக்கூடாது, சிரித்தால் ஒலிப்பதிவு கெட்டுவிடும். வராத சிரிப்புக்கு நாங்கள் இடம் விட்டுக்கொண்டு நிற்போம். ஆனால் பிரிட்டா அப்படிக் கேட்டபோது எனக்கு விடை நன்றாகத் தெரிந்தது. உடுப்பு மாற்றுகிற வண்டிக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன். முகப்பூச்சுப் பிள்ளை மறுபடியும் முதலிலிருந்து பூச வேண்டியதாகப் போயிற்று, பாவம்.

அதற்குப் பிறகு நிற்காமல் நடிக்கப் பழகிக்கொண்டேன். நடிக்க நடிக்க, எழுதித் தருகிற வசனங்களைப் பற்றிக் குறை சொல்லவும் தொடங்கினேன். எந்தத் தமிழ்ப் பெண்ணும் கோபத்தில் இப்படிக் கதைக்கமாட்டாள், எந்தத் தமிழ் மனிசனும் மனைவியிடம் "உன்னை நேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகமாட்டான் என்றெல்லாம். பிரிட்டா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள், "அப்ப நீயே எழுதன்" என்றார். நான் திரைக்கதை எழுதத் தொடங்கியது அப்படி. வாய்க்கொழுப்பால் கிடைத்த வேலை.

நான் எழுதிப் பிரிட்டா இயக்கிய முதல் படம் எங்கள் ரூர் பகுதித் தமிழ்க் குடும்பம் ஒன்றைப் பற்றியது. கலியாண மண்டபம், கதிரை அடுக்குகிற அயலவர் எல்லாம் அதில் உண்டு. ஆனால் எழுத எழுதக் கதை அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலை நோக்கியே போனது. எத்தனை தரம் திருப்பினாலும் அங்கேயே போய் நின்றது. கடைசியில் யோகனிடம் கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை நடந்ததை எழுதட்டோ? வேண்டாமெண்டா விட்டிடுறன்."

வெங்காயத்தை இரண்டாகப் பிளந்து வைத்தார். "எழுதும். நல்ல பகிடி அது, வீணாப் போகக்கூடாது. ஆனா நான் பாக்க வரமாட்டன்."

என் கணவராக ஒரு நல்ல நடிகர் நடித்தார். மனைவியாக நானே நடித்தேன். தாதி, "சிரிச்சுக் காட்டுங்கோ" என்கிறார். நான் கலியாணப் பட வரியைச் சொல்கிறேன். பிறகு என் குரல் மாறி, "அவருக்கு ஒண்டுமில்லைத்தானே?" என்று கேட்கிறேன். இந்த இரண்டு வரிக்கும் நடுவே, படப்பிடிப்பில், நான் நின்றுவிட்டேன். நிற்காமல் நடிக்க எவ்வளவோ பழகிய பிறகும் அங்கே வாய் நின்றுவிட்டது. பிரிட்டா கட் சொல்லவில்லை.

படத்தொகுப்பாளர் யென்ஸ் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார். "இது நீளம். ஆஸ்பத்திரி, பயம், இந்த இடத்திலை படம் ஓடவேணும். நீ சும்மா நிக்கிறாய். வெட்டிறன்."

"வெட்டாதை."

"ஏன்? அதிலை என்ன நடக்குது?"

"இப்ப ஒண்டும் நடக்கேல்லை" என்றேன். "அது ஒராளுக்கு விட்ட இடம்."

யென்ஸ் பிரிட்டாவைப் பார்த்தார். முதல்நாள் என்னிடம் கேட்ட கேள்வி பிரிட்டாவுக்கு ஞாபகம் இருந்தது. "விடு, இருக்கட்டும்" என்றார். யென்ஸ் தலையில் அடித்துக்கொண்டு, ஓரத்தில் கொஞ்சம் மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தை விட்டார்.

ஞாயிறு மத்தியானம்

டுசல்டோர்ஃபில் முதற்காட்சி. யோகன் வரவில்லை. அங்கே அந்த இடைவெளி வந்தபோது அரங்கம் அமைதியாக இருந்தது. மரியாதையான அமைதி. ஆஸ்பத்திரிக் காட்சியில் சிரிக்கலாமா என்று டொச்காரரும் பக்கத்து ஆளைத்தான் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் இருந்த யென்ஸ் பெருமூச்சு விட்டது கேட்டது. எல்லோரும் கைதட்டினார்கள், பூங்கொத்து தந்தார்கள். எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை.

அடுத்த காட்சி ஹம்மில், ஒரு ஞாயிறு மத்தியானம், பூசை முடிந்த பிறகு. எங்கள் பங்குச் சனம் அவ்வளவும் வருகிறது. யோகன் என்னைக் காரில் கொண்டுவந்து இறக்கினார்.

"நீர் போம். நான் காருக்குள்ள இருக்கிறன்."

கதவைத் திறந்த நான் இறங்கவில்லை. அந்த நேரம்தான் எனக்கு அது தோன்றியது. இவ்வளவு நாளும் இந்த மரமண்டைக்கு ஏன் தோன்றவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"இஞ்சாருங்கோ, இது மேடையில்லை. படம். உள்ளுக்கு இருட்டு. ஒருத்தருக்கும் ஒருத்தற்றை முகமும் தெரியாது."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"கடைசி வரிசையிலை, ஓரத்திலை இருப்பம். நானும் உங்களோடை இருக்கிறன்."

காரைப் பூட்டிவிட்டு வந்தார். விளக்கு அணைந்த பிறகுதான் உள்ளே போனோம். படம் ஓடியது. கதிரை அயலவர் வந்தபோது எங்கள் சனம் சிரித்தது. யோகன் மூக்கால் காற்று விட்டார். கை வாயில்தான் இருந்தது, இருட்டிலும். எனக்கு மனம் விட்டுப்போனது.

ஆஸ்பத்திரி வந்தது. தாதி சிரிக்கச் சொன்னார். திரையில் நான் கலியாணப் பட வரியைச் சொன்னேன். இடைவெளி. ஒருவரும் அசையவில்லை. சுவாமி கூரையைப் பார்த்திருப்பார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பக்கத்தில் ஒரு இருமல். பிறகு இன்னொன்று. மூன்றாவது பிடித்துக்கொண்டது.

கடவுளே, அந்தச் சத்தம்! எத்தனை நாள் கழித்து! அரங்கம் ஒரு கணம் திடுக்கிட்டு, பிறகு அவ்வளவு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் அவருடைய தோளில் முகத்தை வைத்து அழுதேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் என் மூக்கு நோகும்படி இடிபட்டது. திரையில் அடுத்தடுத்து என்ன ஓடியதென்று எனக்குத் தெரியாது.

விளக்குப் போட்டார்கள். முன்வரிசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒளிவிழாவில் சீலைத் தலைப்பை இழுத்துவிட்ட அம்மாமாரில் ஒருவர் எழும்பி நின்று சத்தமாகச் சொன்னார்: "அட, யோகன்! நீதானே! எங்கையடா இவ்வளவு நாளும் போனனி?"

யோகன் சிரித்தார். வாய் வலது பக்கம் இழுத்தது, இடது கண் மூடிக்கொண்டது. கை மேலே வந்தது. வாய்க்குப் போகப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூடிய கண்ணில் இருந்த ஈரத்தைத் துடைத்துவிட்டு அந்த அம்மாவை நோக்கி அசைந்தது.

பிள்ளைகளே, தொழிலைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உங்கள் வரியைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். இடம் விடுங்கள். சிரிக்கவேண்டிய ஆள் எங்கேயோ போயிருக்கலாம். வந்தால் அவருக்கு ஒரு இடம் இருக்க வேண்டும்.

எல்லோருக்கும் கைகொடுத்து வெளியே வந்து காரில் ஏறினோம். யோகன் பெல்ட்டைப் போட்டார், சாவியைத் திருப்பவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"சுகந்தி, ஒண்டு சொல்லட்டே? கோபிக்கக்கூடாது."

"சொல்லுங்கோ."

"அந்த ஆஸ்பத்திரி இடத்திலை விட்ட நேரம் காணாது. நான் சிரிச்சு முடிக்க முன்னம் நீர் கதைக்கத் தொடங்கிட்டீர்."